மேல மழை

ஐப்பசி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். ராஜபாளையம் முடங்கியாறு ரோட்டில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். மத்தியானம் மூன்று மணி. ஊருக்குள் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. மேற்கே பார்த்தால் மலையைக் காணோம். காலையில் துடைத்துவைத்த மாதிரி நின்ற மலையை யாரோ வந்து கரும்பலகை அழிப்பதுபோல அழித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

‘‘மேல மழை’’ என்றார் டீக்கடை அண்ணாச்சி. ‘‘இன்னும் ஒரு மணி நேரத்துல ஆத்துல தண்ணி வந்துரும். அய்யனார் கோயிலுக்குப் போறதா இருந்தா போகாதீங்க.’’

எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். ‘‘வெள்ளையா மூடுனா சும்மா மேகம். கருநீலமா அடிவாரம் வரைக்கும் கோடு போட்டாப்புல எறங்குனா மழை. இதுக்குப் படிக்கவா செய்யணும்?’’ என்று பாய்லரைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

தண்ணீர் வந்தது. கொஞ்சம் முன்பின் இருந்தாலும் வந்தேவிட்டது. ஊரில் ஒரு சொட்டு விழவில்லை.

மறுநாள் காலையில் பேப்பரில் மழை அளவுப் பட்டியலைத் தேடினேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். உள்ளூர்ப் பக்கத்தின் அடியில், ரேஷன் கடை அறிவிப்புக்கும் நினைவஞ்சலி விளம்பரத்துக்கும் நடுவில் பொடி எழுத்தில் இருக்கும். எங்கள் மாவட்டத்தில் வத்திராயிருப்பு, பிளவக்கல், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று பெயர்கள், பக்கத்தில் மில்லிமீட்டர். அன்று அதில் ராஜபாளையம் பெயரே இல்லை. மழை பெய்யாத ஊரை எதற்குப் போடுவார்கள்? ஆற்றில் ஓடிய அத்தனை தண்ணீருக்கும் காகிதத்தில் கணக்கு கிடையாது.

இந்த வாரம் ஒரு விமர்சனம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நாவலுக்கோ சினிமாவுக்கோ இல்லை. மழையைப் பற்றி எழுதப்பட்ட சில எழுத்துகளுக்கு. அதில் முதலாவது அந்தப் பட்டியல்.

நம் காலத்தில் அதிகம் பேர் வாசிக்கிற உரைநடை எது என்று கேட்டால் வானிலை அறிக்கை என்றுதான் சொல்வேன். அதன் நடையை நாம் கேலி செய்கிறோம். ‘ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்’ என்றால் எங்கேயோ பெய்யும், உங்களுக்கு இல்லை என்று அர்த்தம் என்று ஜோக் அடிக்கிறோம். ஆனால், அது வழவழா பேச்சு இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்கு உண்டு. ஒரு பகுதியில் உள்ள மழைமானிகளில் நூற்றுக்கு 25 வரை நனைந்தால் ‘ஓரிரு இடங்கள்’. 26-லிருந்து 50 வரை ‘சில இடங்கள்’. 75 வரை ‘பல இடங்கள்’. அதற்கும் மேலே போனால்தான் ‘பெரும்பாலான இடங்கள்’. இருபத்துநாலு மணி நேரத்தில் 2.5 மில்லிமீட்டராவது பெய்திருந்தால்தான் அது மழை நாள். 64.5-ஐத் தொட்டால் கனமழை, 115.6-லிருந்து மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. இத்தனை கறாராகச் சொல்லைப் பயன்படுத்துகிற எழுத்தாளர் எத்தனை பேர் இருக்கிறார்கள்? எனக்கு அந்த நடைமேல் மரியாதை உண்டு.

என் புகார் வேறு. அந்த அறிக்கை எங்கே நின்றுகொண்டு பேசுகிறது என்பதுதான்.

மழைமானி என்பது ரொம்ப எளிமையான சாதனம். ஒரு புனல், அடியில் ஒரு பாத்திரம், அளந்து பார்க்க ஒரு கண்ணாடிக் குவளை. புனலின் வாய் ஒரு சாண் அகலம்கூட இருக்காது. தினமும் காலை எட்டரை மணிக்கு ஓர் ஆள் போய், தண்ணீரைக் குவளையில் ஊற்றி, அளவைப் பார்த்து எழுதவேண்டும். ஆகவே அது ஆள் இருக்கும் இடத்தில் இருக்கிறது. தாலுகா ஆபீஸ், அணைக்கட்டு, பயணியர் விடுதி. ஆள் இல்லாத இடத்தில் பெய்கிற மழை, கணக்கில் பெய்யாத மழை.

எங்கள் ஊரின் நிலைமையைப் பாருங்கள். ஜூன், ஜூலையில் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டுகிற மழை எங்களுக்கு வெறும் காற்றாகத்தான் வருகிறது. மலை மறைத்துக்கொள்கிறது. ஐப்பசியில் காற்று திரும்புகிறது. கிழக்கிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிற காற்று சமவெளியைத் தாண்டி இந்தச் சுவரில் முட்டி, மேலேறி, குளிர்ந்து, அங்கேயே கொட்டுகிறது. ராஜபாளையம் குடிக்கிற ஆறாவது மைல் நீர்த்தேக்கத் தண்ணீரும், ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பு ஓடைகளில் வருகிற தண்ணீரும் மேலே பெய்ததுதான். எங்கள் மழையின் பெரிய பங்கு எங்கள் தலையில் விழுவதில்லை. காலடியில் வந்து சேர்கிறது.

அப்படியானால், மேலே நின்றுகொண்டு அந்த மழையைப் பார்த்தவர்கள் யாராவது உண்டா? பார்த்து எழுதியவர்கள்?

ஊரைத்தான் முதலில் கேட்கவேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி ஒருத்தி மழையைப் பற்றி எழுதியிருக்கிறாள். திருப்பாவையின் நாலாவது பாசுரம். மார்கழி விடியலில் ஒலிபெருக்கி வழியாக நம் தூக்கத்தைக் கலைத்த பாட்டு என்பதால் அதை யாரும் நின்று கவனிப்பதில்லை. கவனித்துப் பாருங்கள். மழைக்குப் பொறுப்பானவனை நேரில் கூப்பிட்டு வேலை சொல்கிறாள் ஆண்டாள். கடலுக்குள் போ, தண்ணீரை மொண்டு எடு, இடித்துக்கொண்டு மேலே ஏறு, பெருமாளின் மேனிபோலக் கறுத்துப்போ, சக்கரம்போல மின்னு, சங்குபோல முழங்கு, அம்பு மழைபோலப் பெய். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிற நீர்ச்சுழற்சியை வரிசை பிசகாமல் சொல்லிவிடுகிறாள். ஒரே ஒரு விஷயம்... அந்தப் பாட்டில் மலை இல்லை. கடலிலிருந்து ஏறிய மேகம் நேராக நாட்டில் இறங்கிவிடுகிறது. தினமும் மேற்கே மலையைப் பார்த்து வளர்ந்தவள் ஏன் அதை விட்டுவிட்டாள் என்பது எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். அவள் நிற்பது ஆயர்பாடி. ஸ்ரீவில்லிபுத்தூர் இல்லை என்று பதில் சொல்லலாம். அங்கேயும் ஒரு கோவர்த்தனம் உண்டே!

அடுத்து, நக்கீரரின் நெடுநல்வாடை. நம் முன்னோர் வருஷத்தை ஆறாகப் பிரித்தார்கள். அதில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். இலையுதிர்காலம் என்று நாம் வெளிநாட்டுக் கதைகளில் படிக்கிற பருவம், நமக்கு இலை உதிராமல் மழையும் வாடையுமாக வருகிறது. அந்தக் கூதிரை 188 அடியில் எழுதியிருக்கிறார் நக்கீரர். மேகம் மலையை வளைத்துக்கொண்டு பெய்ய, வெள்ளத்துக்குப் பயந்த கோவலர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேட்டு நிலத்துக்குப் போகிறார்கள். நெருப்பில் கையைக் காய்ச்சிக்கொண்டும் பல் அடித்துக்கொள்கிறது. விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. குரங்கு கூனிக் குறுகுகிறது. பால் குடிக்க வந்த கன்றைப் பசு உதைக்கிறது. தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் குளிரை அளக்க இதைவிடத் துல்லியமான கருவி இருக்க முடியாது. தமிழில் எழுதப்பட்ட முதல்தரமான வானிலைக் குறிப்பு இது என்பது என் கட்சி. ஆனால், நக்கீரரும் மலையடிவாரத்தில்தான் நிற்கிறார். அதற்கப்புறம் ஊருக்குள் திரும்பி அரண்மனைக்குப் போய்விடுகிறார்.

இலக்கணம் எழுதியவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. குறிஞ்சி நிலத்துக்குப் பொழுது எது என்று கேட்டால் தொல்காப்பியம் கூதிரையும் முன்பனியையும் சொல்கிறது. நாளில் எது என்றால் யாமம், நடு ராத்திரி. மலை, ஐப்பசி மழை, நள்ளிரவு. ஒழுக்கம், கூடல். மலையைச் சரியாகப் பார்க்கவேண்டுமானால் கூதிர் காலத்து நடுராத்திரியில் அங்கே இருக்கவேண்டும் என்று இலக்கணமே சொல்கிறது. நாம் அதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம். மேலே போகவில்லை.

போன ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர்.

ராஜபாளையத்திலிருந்து இதே மலைத்தொடரில் தெற்கே நேர்கோட்டில் நூறு கிலோமீட்டர் போனால் பொதிகை, அகத்தியமலை. உயரம் ஆறாயிரம் அடிக்கு மேல். திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மகாராஜா 1837-ல் ஒரு வானாய்வு நிலையம் தொடங்கினார். 1852-ல் அதற்கு இயக்குநராக வந்தவர் ஜான் ஆலன் பிரௌன். வந்த மனுஷர் சும்மா இருக்கவில்லை. கீழே கடலோரத்தில் ஒரு காந்த ஊசி அசைவதையும், ஆறாயிரம் அடிக்கு மேலே இன்னொரு காந்த ஊசி அசைவதையும் ஒரே நேரத்தில் பார்த்து எழுதினால் என்ன என்று யோசித்தார். யோசனை என்னவோ ஒரு வரிதான். அதற்காக யானைக் காட்டுக்குள் வழி வெட்டி, மரமும் கருவியும் சுமந்துபோய், 1855-ல் அகத்தியமலை உச்சியில் ஒரு நிலையத்தைக் கட்டிவிட்டார்.

தமிழ்நாட்டுப் பக்கம் இதற்கு முன்மாதிரி உண்டு. 1847-லேயே சென்னை வானாய்வு நிலையத்தின் மேற்பார்வையில் தொட்டபெட்டாவில் ஒரு பங்களாவில் வானிலைக் குறிப்புகள் எடுத்திருக்கிறார்கள். பின்னால், 1876–78 பெரும் பஞ்சத்துக்கு அப்புறம், சூரியனுக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வியோடு 1899-ல் கொடைக்கானல் நிலையம் வந்தது. அது இன்றைக்கும் இருக்கிறது. ஆனால், எனக்கு அகத்தியமலைதான் பிடிக்கும். மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் வெள்ளைக்காரர்களின் கோடைவாச ஊர் உண்டு. ரொட்டி கிடைக்கும். அகத்தியமலையில் அகத்தியர் மட்டும்தான்.

பிரௌனின் புத்தகம் 1874-ல் லண்டனில் வெளியானது. 1852-லிருந்து 1869 வரை திருவனந்தபுரத்திலும் அகத்தியமலையிலும் எடுத்த காந்தக் குறிப்புகள். இங்கிலீஷ் தலைப்பில் மலையின் பெயரை ‘அகஸ்தியா மல்லே’ என்கிற மாதிரி எழுத்துக்கூட்டியிருக்கிறார்கள். எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற மல்லி ஊர் ஞாபகம் வந்தது. அந்தப் பகுதியையே ஆண்டதாகத் தலபுராணம் சொல்கிற மல்லி ராணியும் ஞாபகம் வந்தாள். தலைப்பில் கிடைத்த இந்தச் சந்தோஷத்தோடு உள்ளே போனால்... எண்கள். எண்கள். மேலும் எண்கள்.

இந்தப் புத்தகத்தை எப்படி விமர்சிப்பது? கதை இல்லை, வர்ணனை இல்லை. ஆனால், கொஞ்ச நேரம் பொறுமையாக உட்கார்ந்தால் அந்த அட்டவணைக்குள் ஒரு ராத்திரி தெரிய ஆரம்பிக்கிறது. யாமத்துக்கு நேரே ஓர் எண் இருக்கிறது என்றால், யாமத்தில் யாரோ ஒருவர் விழித்திருந்திருக்கிறார். விளக்கைக் கொண்டுவந்து, மூச்சை அடக்கி, ஊசி நிற்கும் இடத்தைப் பார்த்து, விறைத்த விரலால் எழுதியிருக்கிறார். வெளியே மேகம் சுவரை உரசிக்கொண்டு போயிருக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும். நனைந்த துணி காயாது. அடுத்த குறிப்புக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று காத்திருந்திருப்பார். இலக்கணம் சொன்ன கூதிர், யாமம், மலை மூன்றும் இந்த எண்ணுக்குள் இருக்கின்றன. கூடல் மட்டும் இல்லை. அவர் வீட்டுக்காரி கீழே எங்கேயோ விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருப்பாள். அது பாலையா முல்லையா என்று புலவர்கள் முடிவு செய்யட்டும்.

புத்தகத்தின் குறையும் இங்கேதான். அட்டவணையில் ஆள் இல்லை. விஞ்ஞானத்துக்கு அது பெருமை. யார் பார்த்தாலும் அதே எண் வரவேண்டும். ஒரு வாசகனாக எனக்கு அது பெரிய நஷ்டம். சாமான் சுமந்தவர்கள், வழி காட்டிய மலைவாசிகள், ராத்திரிக் காவல் இருந்தவர்கள் யாரும் ஓர் எண்ணிலும் இல்லை. பிரௌனுக்குக் கிடைக்கவேண்டியது கிடைத்தது. பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய 26 நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது, அது சூரியன் தன்னைத்தானே சுற்றிக்கொள்வதோடு சம்பந்தப்பட்டது என்று கண்டுபிடித்துச் சொன்னவர் அவர். 1878-ல் ராயல் சொசைட்டி பதக்கம் கொடுத்தது. மறுவருஷம் இறந்துபோனார். அவர் 1865-ல் ஊர் திரும்பியதோடு அகத்தியமலையில் ராத்திரி விளக்கு அணைந்துவிட்டது.

சரி, ஆள் இருக்கிற புத்தகம் வேண்டும். கூதிர், யாமம், மலை உச்சி, கூடல்... நாலும் சேர்ந்த ஒரு கதை இருக்கத்தான் செய்கிறது. நம் ஊரில் இல்லை, ஜப்பானில்.

1895. நொனாகா இதாரு என்ற இளைஞர் ஃபூஜி மலையின் உச்சியில், 3,700 மீட்டர் உயரத்தில், சொந்தச் செலவில் ஒரு மரக்குடிசை கட்டினார். குளிர்காலத்திலும் அங்கே ஆள் தங்கி வானிலை பார்க்கமுடியும் என்று காட்டவேண்டும் என்பது அவர் பிடிவாதம். அக்டோபர் முதல் தேதி ஆரம்பித்தார். இரண்டு மணிக்கு ஒருதரம், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. ஓர் ஆள். எப்போது தூங்குவது? இந்தக் கணக்கை அவர் போட்டாரோ இல்லையோ, அவர் மனைவி சியோகோ போட்டுவிட்டாள். கைக்குழந்தையைத் தன் தாய்வீட்டில் விட்டுவிட்டு, அக்டோபர் 12-ம் தேதி கூலியாட்களோடு அவளே மலை ஏறிவிட்டாள். வரவேண்டாம் என்று சொல்லப்பட்டவள்.

அப்புறம் நடந்தது சுலபமான கதை இல்லை. சரியான ஆகாரம் இல்லாமல் இரண்டு பேருக்கும் உடம்பு வீங்கியது. அவன் படுத்தபோது அவள் கருவியைப் பார்த்து எழுதினாள். அவள் படுத்தபோது அவன். டிசம்பர் 22-ம் தேதி கீழேயிருந்து ஆட்கள் போய் அவர்களைச் சுமந்து இறக்கினார்கள். எண்பத்துச் சொச்சம் நாள். ஜப்பானே பேசியது. அடுத்த வருஷமே கதை, நாடகம் எல்லாம் வந்துவிட்டது. சியோகோவே தன் நாட்குறிப்பை ஒரு தினசரியில் தொடராக எழுதினாள்.

இதை எழுபத்தைந்து வருஷம் கழித்து நாவலாக எழுதினார் நித்தா ஜிரோ. 1971. வானிலைத் துறையிலேயே வேலை பார்த்தவர். 1964-ல் ஃபூஜி உச்சியில் பெரிய ரேடார் வைத்தபோது அதில் முக்கியப் பங்கு அவருக்கு. காற்றுமானியின் கிண்ணத்தில் பனி உறைவது எப்படி என்று தெரிந்த நாவலாசிரியர் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? தமிழில் அந்த நாவல் வந்து நான் பார்த்ததில்லை. ஜப்பானில் வேலை பார்க்கிற ஒரு சிநேகிதர் அத்தியாயம் அத்தியாயமாகக் கதை சொல்ல, கேட்டேன். ஆகவே நடையைப் பற்றி நான் பேசக்கூடாது. கதையைப் பற்றிப் பேசலாம்.

நித்தா செய்த நல்ல காரியம், நாவலின் தலைப்பையே சியோகோவுக்குக் கொடுத்தது. ஃபூஜிக்கு மலர்ப் பெயர் ஒன்று உண்டு. அந்த மலர்ச் சிகரத்தின் மனுஷி என்கிற மாதிரி அர்த்தம் வரும். கணவனின் சாதனையாகவே பேசப்பட்டுவந்த விஷயத்தில் பாதி அவளுடையது என்று அவர் வழக்காடுகிறார். அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு. ஆனால், கேட்கக் கேட்க எனக்கு ஓர் இடைஞ்சல் இருந்துகொண்டே இருந்தது. அவளுடைய தைரியத்தை எல்லோரும் புருஷன்மேல் வைத்த அன்பாகவே மொழிபெயர்த்துக்கொள்கிறார்கள். சிநேகிதர் கதை சொல்லும்போதுகூட அப்படித்தான், ‘‘எப்பேர்ப்பட்ட மனைவி!’’ என்று நிறுத்தினார். தெர்மாமீட்டருக்கு அது தெரியுமா? ராத்திரி இரண்டு மணிக்கு அவள் பார்த்து எழுதியது மனைவியின் எண் இல்லை. ஒரு வானிலையாளரின் எண். அவளே தினசரியில் எழுதிய குறிப்புகளைத்தான் நான் நாவலுக்கு மேலே வைப்பேன். உடம்பு வீங்கியவள், வீக்கம் வடிந்தபிறகு உட்கார்ந்து, இன்னார் சொன்னார் என்று இல்லாமல் தானே சொன்னது அது. நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கிறீர்களே, அது மாதிரி ஒரு காகிதத்தில், ஒருவேளை பக்கத்தில் தைல விளம்பரத்தோடு வந்திருக்கும். இலக்கியம் அங்கேயும் நடக்கும்.

ஃபூஜி உச்சியில் 1932-லிருந்து வருஷம் முழுக்க ஆள் இருந்தார்கள். 2004-ல் கடைசி ஆட்களும் இறங்கிவிட்டார்கள். இப்போது தானியங்கிக் கருவிகள். அதற்காகக் கண்ணீர் விடுகிற கட்சி இல்லை நான். கருவி பார்த்தால் போதும் என்றால் மனுஷன் எதற்கு வீங்கவேண்டும்? ஆனாலும், மனுஷன் நின்றால் சில சமயம் வேறொன்று நடக்கிறது. ஸ்காட்லாந்தில் பென் நெவிஸ் மலையுச்சியில் 1883-லிருந்து 1904 வரை ஒரு நிலையம் இருந்தது. 1894 செப்டம்பரில் சி.டி.ஆர். வில்சன் என்ற இளைஞர் இரண்டு வாரம் போய் அங்கே இருந்தார். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க, கீழே மேகத்தின்மேல் தன் நிழல் விழுந்து, அதைச் சுற்றி வண்ண வளையம். அது எப்படி வருகிறது என்று பார்ப்பதற்காகக் கீழே வந்து கண்ணாடிக்குள் மேகம் செய்யப் போனார். அந்த மேகத்துக்குள் அணுத்துகள்கள் போன தடம் தெரிந்தது. 1927-ல் நோபல் பரிசு. இரண்டு வார இலையுதிர்காலத்துக்கு மோசமில்லாத சம்பளம்!

நோபல் பரிசு நமக்கு வேண்டாம். நம் தேவை இன்னும் சின்னது. மேலே மழை என்றால் கீழே தெரியவேண்டும்.

திருநெல்வேலி மழைப் பட்டியலைப் படிக்கிறவர்களுக்கு நாலு பெயர்கள் பழக்கம். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து. சமவெளி ஊர்கள் ஒற்றை இலக்கத்தில் நிற்கும்போது இவை நூறைத் தாண்டிக்கொண்டு போகும். மலைமேல் எத்தனை பெய்கிறது என்று நமக்குச் சொன்ன பெயர்கள். அந்த எண்கள் ஏன் கிடைத்தன? அங்கே தேயிலைத் தோட்டம் இருந்தது. தோட்டம் இருந்ததால் ஜனங்கள் இருந்தார்கள். ஜனங்கள் இருந்ததால் புனலில் விழுந்த தண்ணீரை ஊற்றிப் பார்க்க ஓர் ஆள் இருந்தார். 2024-ல் தோட்டத் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்துக் கீழே இறங்கச் சொன்ன செய்தி வந்தபோது, தலைமுறைகளாக அங்கே இருந்தவர்களின் வீடு, பிழைப்பு பற்றிப் பேச்சு வந்தது. வரவேண்டியதுதான். எனக்குக் கூடவே இன்னொன்றும் தோன்றியது. இவர்களும் இறங்கிவிட்டால் அந்தக் குவளையை யார் எடுத்துப் பார்ப்பார்கள்?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் அப்படி மலைமேல் இருக்கிற ஒரு பெயரைப் பட்டியலில் நான் பார்த்ததில்லை. பிளவக்கல் அணைகூட அடிவாரம்தான். மலை முழுக்கக் காடு. முதலில் சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். புலிக்கும் அணிலுக்கும் அது நல்லது. அங்கே போய்க் குடிசை போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால், மலைக்கு ஜனங்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமி என்றால் சதுரகிரிக்குக் கூட்டம். 2015 மே மாதம், கோடைமழையில் சதுரகிரி ஓடைகளில் திடீரென்று வெள்ளம் வந்து பக்தர்கள் இறந்துபோனார்கள். அந்த ஓடைகளை நீங்கள் பார்க்கவேண்டும். சாதாரண நாளில் செருப்பு நனையாமல் கல் விட்டுக் கல் தாண்டலாம். மேலே எங்கேயோ அரை மணி நேரம் கொட்டினால் போதும்.

நானே ஒரு தடவை மாட்டியிருக்கிறேன். காலேஜ் படிக்கும்போது. அய்யனார் கோயில் ஆற்றில் நாலு பேர் குளித்துக்கொண்டிருந்தோம். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. கரையில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா திடீரென்று, ‘‘ஏலேய், ஏறுங்கலே, ஏறுங்க!’’ என்று கத்தினாள். அவள் கத்திய வேகத்தில் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. ஏறினோம். முதலில் தண்ணீரில் இலையும் சுள்ளியும் வந்தது. அப்புறம் நிறம் மாறியது. அப்புறம் சத்தம். நாங்கள் துணி வைத்திருந்த பாறை காணாமல் போயிற்று. எங்களோடு வந்தவனின் புது பேன்ட் இன்றைக்கும் எந்தக் கண்மாயில் கிடக்கிறதோ! எப்படித் தெரிந்தது என்று அந்தப் பெரியம்மாவைக் கேட்டோம். ‘‘தண்ணி வாடை மாறிருச்சுல்ல’’ என்றாள். பேர் கேட்கவில்லை. அந்த வயதில் கேட்கத் தோன்றாது.

அந்தக் கோயில் சாமியின் பெயர் நீர்காத்த அய்யனார். தண்ணீருக்குக் காவல் வைக்கவேண்டும் என்று யாரோ ஒரு காலத்தில் யோசித்திருக்கிறார்கள். சம்பளமில்லாத உத்தியோகம். ராத்திரி பகல் டூட்டி. அவருக்குக் கையில் அரிவாளுக்குப் பக்கத்தில் ஒரு மழைமானியும் கொடுக்கலாம் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. மழையை அளந்து தானே கீழே செய்தி அனுப்புகிற கருவிகள் வந்து எத்தனையோ வருஷமாயிற்று. ஆனாலும், பட்டியலில் எங்கள் மலை இல்லை.

ஐப்பசியில் நின்ற கதையை முடித்துவிடுகிறேன். பேப்பரைப் படித்த அன்றே டீக்கடைக்குப் போனேன். மழைப் பட்டியலை அண்ணாச்சியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் ஒவ்வொரு ஊராகத் தொட்டுப் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

‘‘நேத்து சாயங்காலம் ஆத்துல தண்ணி வந்துச்சே, அது எந்த ஊர்ல பெஞ்சதுன்னு போட்டுருக்கான்?’’

நான் பதில் சொல்வதற்குள் வடை கேட்டு ஓர் ஆள் வந்துவிட்டார். அண்ணாச்சி அந்தப் பக்கத்தையே கிழித்து இரண்டு வடையை மடித்துக் கொடுத்தார்.